விவரச் சீட்டை எழுத வேண்டியவர் யார்?



நூலகத்தில் ஒரு நூலைத் தேடிச் செல்கிறீர்கள். அட்டைப் பெட்டியின் இழுப்பறையைத் திறந்து, கம்பியில் கோத்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறீர்கள். வேண்டிய நூலின் பெயர் கிடைத்துவிடுகிறது. ஆசிரியர் பெயர், பதிப்பு, அலமாரி எண் எல்லாம் அழகிய கையெழுத்தில் உள்ளன. மகிழ்ச்சியோடு அந்த அலமாரிக்கு விரைகிறீர்கள். அங்கே அந்த நூல் இல்லை!

நடந்தது என்ன? சென்ற கோடை விடுமுறையில் அலமாரிகளை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். நூலை இடம் மாற்றியவர்கள் அட்டையைத் திருத்த மறந்துவிட்டார்கள். நூலும் நல்ல நூல்தான். நீங்களும் முறையாகத்தான் தேடினீர்கள். இடையில் நின்ற அட்டை பொய் சொல்லிவிட்டது.

இச்சிறு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் அடிக்கடி சந்திக்கும் ஒரு பெரிய சிக்கலும் இதுவே. அச்சிக்கல் எப்படி எழுகிறது, அதைத் தீர்க்க அறிஞர்கள் கண்ட வழி யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1. நூலும் நூலைப் பற்றிய விவரமும்

இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் கணிதம் கற்பித்த ஆசிரியர். 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகங்களுக்கென்று அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று வாசகரின் நேரத்தைப் பற்றியது. தேடி அலைவதிலேயே வாசகரின் பொழுது கழிந்துவிடக் கூடாது என்பது அதன் கருத்து. மற்றொரு விதி, நூலகம் ஓர் உயிரைப் போல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதைச் சுட்டுகிறது.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நூலகம் வளர்ந்தால் அலமாரிகள் மாறும். அலமாரிகள் மாறினால் அட்டைகளும் உடனுக்குடன் மாற வேண்டும். இல்லாவிடில் வாசகரின் நேரம் வீணாகும். ஒரே நூலின் எண் அதன் முதுகிலும் இருக்கிறது, அட்டையிலும் இருக்கிறது, பதிவேட்டிலும் இருக்கிறது. ஒன்றை மாற்றி மற்றவற்றை விட்டுவிட்டால் மூன்றும் மூன்று கதை சொல்லும்.

நம் மதுரையில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தகைய பெரிய நூலகங்களில் அட்டைப் பெட்டியின் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் வேலை அதே வேலைதான். நூல் வேறு, நூலைப் பற்றிய விவரம் வேறு. இந்த விவரத்துக்கு மீத்தரவு என்று பெயர். மெட்டாடேட்டா என்றும் வழங்குவர்.

2. கணிப்பொறிக்குள் ஒரு நூலகம்

நிரல் எழுதுவோரும் ‘நூலகம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது புத்தகங்கள் உள்ள நூலகம் அன்று. பலருக்கும் பயன்படும் ஒரு வேலையை ஒருவர் நன்றாக எழுதிச் சோதித்து, பிறரும் எடுத்தாளும்படி வைத்திருக்கும் நிரல் தொகுதிக்கே நிரல் நூலகம் என்று பெயர்.

நமக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘கொ’ என்று தட்டச்சு செய்கிறீர்கள். கணிப்பொறியின் நினைவில் முதலில் ‘க’ என்ற எழுத்தின் எண்ணும், அதன் பின் ஒகரக் குறியின் எண்ணும் பதிவாகின்றன. ஆனால் திரையில் தோன்ற வேண்டியது என்ன? முதலில் ஒற்றைக் கொம்பு, நடுவில் ‘க’, கடைசியில் கால். நினைவில் பின்னால் நிற்கும் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னும் மறுபாதியைப் பின்னும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இவ்வேலையைச் செய்யும் நிரல் நூலகங்களுள் புகழ் பெற்றது ஹார்ஃப்பஸ். பாரசீக மொழியில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து. ‘பாஸ்’ என்றால் திறந்தது. இவ்விரு சொற்களையும் இணைத்து வைத்த பெயர் இது.

ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரெஆபீஸ், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லாம் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. எழுத்தைச் சரியாக அமைக்கும் வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. ஒருவர் செய்ததைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால், எடுத்துக்கொள்ள வருபவருக்குச் சில கேள்விகள் எழும் அல்லவா? இந்நூலகம் இக்கணிப்பொறியில் எங்கே இருக்கிறது? எந்தப் பதிப்பு? இதைப் பயன்படுத்த வேறு எந்த நூலகம் வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை தருவதற்காக பல நிரல் நூலகங்களுடன் ஒரு சிறிய கோப்பு வைக்கப்படுகிறது. அதைத்தான் இங்கே விவரச் சீட்டு என்று அழைக்கிறேன். இச்சீட்டுகளைப் படித்து விடை சொல்வதற்கென்றே பிகேஜி-கான்ஃபிக் என்னும் கருவி கால் நூற்றாண்டுக் காலமாக வழக்கில் உள்ளது.

3. சீட்டில் என்ன இருக்கும்?

சீட்டு மிகச் சிறியது. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள் முடிந்துவிடும். அதில் உள்ள முக்கியமான வரிகள் இவை:

பெயர் - நூலகத்தின் பெயர்.
விளக்கம் - அது செய்யும் வேலை, ஒரே வரியில்.
பதிப்பு - எத்தனையாவது வெளியீடு என்பதைக் காட்டும் எண்.
அடியிடம் - நூலகம் நிறுவப்பட்டுள்ள முதன்மையான இடம்.
தேவைகள் - இதனுடன் சேர்ந்து வேண்டப்படும் பிற நூலகங்கள்.
இணைப்பு வழி - நிரலை இந்நூலகத்தோடு இணைக்கக் கணிப்பொறிக்குத் தர வேண்டிய குறிப்பு.
தலைப்புக் கோப்புகளின் வழி - நூலகத்தில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் கோப்புகள் உள்ள இடம்.

‘அடியிடம்’ என்பதில் ஒரு நயம் உண்டு. மற்ற இடங்கள் யாவும் அதைச் சார்ந்தே எழுதப்படுகின்றன. வீட்டின் விலாசத்தை ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு ‘அவ்வீட்டின் சமையலறை’, ‘அவ்வீட்டின் மாடி’ என்றால் போதுமே! வீடு மாறினாலும் ஒரு வரியைத் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும்.

‘தேவைகள்’ என்பதையும் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்திருப்பதை அறிவீர்கள். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். நிரல் நூலகங்களும் அப்படியே. ஒன்று மற்றொன்றை நம்பி நிற்கும். அது வேறொன்றை நம்பி நிற்கும். மேலே உள்ளது எது என்று சீட்டில் எழுதாவிட்டால் கீழே இருப்பவர் வறண்ட மடையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இத்தேவைகளிலும் இரு வகை உண்டு. விருந்தினருக்கு இட்டலி பரிமாறுகிறோம். இலை விருந்தினர் முன் இருந்தாக வேண்டும். ஆட்டுக்கல் சமையல்காரருக்கு மட்டும் வேண்டியது. விருந்தினர் அதைக் காண வேண்டியதில்லை. அவ்வாறே, பயன்படுத்துவோருக்கு நேரடியாக வேண்டியவை வெளித் தேவைகள்; நூலகம் தன் உள்வேலைக்காக வைத்திருப்பவை உள் தேவைகள். சீட்டில் இவை தனித்தனி வரிகளில் எழுதப்படுகின்றன.

4. ஒரு மாணவிக்கு நேர்ந்தது

இச்சீட்டின் அருமையை எனக்கு உணர்த்தியவர் ஒரு மாணவி. நான் ஒரு கல்லூரியில் கணிப்பொறிப் பாடம் கற்பித்துவந்த காலம் அது. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த அப்பெண், தன் பாட்டியிடமிருந்து வேளாண்மைச் சொற்களைச் சேகரித்து வந்தாள். கமலை, கலுங்கு, மடை, மறுகால் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட சொற்கள். அவற்றை அகரவரிசைப்படுத்தி ஒரு சிறு அகராதியாகத் திரையில் காட்டும் நிரலை எழுதினாள்.

தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்துவது எளிதன்று. யூனிகோடு முறையில் ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னதாக வைக்கப்பட்டுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ மெய்யெழுத்துகளுள் ‘ன’ கடைசி. அதேபோல் யூனிகோடில் ‘ற’ முன்னால், ‘ழ’ பின்னால். நெடுங்கணக்கில் ‘ழ’ முன்னால், ‘ற’ பின்னால். எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘கன்று’ முதலிலும் ‘கமலை’ பின்னரும் வரும். ‘மறுகால்’ முதலிலும் ‘மழை’ பின்னரும் வரும். இரண்டும் தவறு.

இதற்கென்று நான் ஒரு சிறு நூலகம் எழுதி மாணவியருக்குத் தந்திருந்தேன். முதல் பதிப்பில் இப்பிழை இருந்தது. இரண்டாம் பதிப்பில் திருத்தி, புதிய இடத்தில் நிறுவினேன். விவரச் சீட்டை என் கையாலேயே திருத்தினேன். பதிப்பு எண்ணை 2 என்று மாற்றினேன். அடியிடத்தை மாற்ற மறந்துவிட்டேன்! பழைய இடத்தில் முதல் பதிப்பும் அழிக்கப்படாமல் இருந்தது.

விளைவு என்ன ஆயிற்று? ‘பதிப்பு என்ன?’ என்று கேட்டால் சீட்டு ‘இரண்டு’ என்றது. நூலகத்தை எடுக்கப் போனால் முதல் பதிப்பைக் கொடுத்தது. நிரலைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அனைவர் முன்னிலையிலும் ‘கன்று’ முந்திக்கொண்டது, ‘கமலை’ பின்தங்கியது. அவள் இரண்டு இரவுகள் கண்விழித்துத் தன் நிரலை வரி வரியாகச் சோதித்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை. இல்லாத பிழையை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “எனக்கு இந்தப் படிப்பு வராது மிஸ், வேறு பாடத்துக்கு மாறிக்கொள்கிறேன்” என்றாள்.

இருவரும் உட்கார்ந்து தேடினோம். அரை மணி நேரத்தில் சீட்டு அகப்பட்டது. “பிழை உன்னுடையது இல்லை அம்மா, என்னுடையது” என்று சொன்னபோது அவள் கண்கள் கலங்கின, என் கண்களும்தான். ஒரு வரி மறதியால் ஒரு பெண் தன் திறமையையே சந்தேகித்துவிட்டாள்! அவள் பாடத்தை மாற்றவில்லை. நான்தான் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து விவரச் சீட்டு எதையும் நான் கையால் எழுதுவதில்லை.

5. கட்டும்போதே எழுதுதல்

கையால் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது? நூலகத்தைக் கட்டும் கருவியே எழுத வேண்டும்.

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறி இயக்கும் வடிவுக்கு மாற்றி, உரிய கோப்புகளோடு சேர்த்து, உரிய இடத்தில் வைப்பதற்குக் ‘கட்டுதல்’ என்று பெயர். இதை ஒழுங்காக நடத்தும் கருவிகளுள் மூத்தது ‘மேக்’. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் அதை உருவாக்கினார். அது பிறந்த கதை சுவையானது. அவருடன் பணியாற்றிய ஸ்டீஃபன் ஜான்சன் ஒருநாள் தம் நிரலில் பிழை தேடி ஒரு காலைப் பொழுது முழுவதையும் செலவிட்டார். பிழையோ முன்பே திருத்தப்பட்டிருந்தது! திருத்திய கோப்பை மீண்டும் மாற்றிக் கட்டவில்லை, அவ்வளவே. எது மாறியது, அதனால் எதை மீண்டும் செய்ய வேண்டும் என்பதை மனித நினைவுக்கு விட்டுவிடாமல் கருவியே கணக்கிட வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்துதான் முளைத்தது. என் மாணவி இழந்த இரண்டு இரவுகளும் ஜான்சன் இழந்த ஒரு காலையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அன்றோ?

விவரச் சீட்டை உண்டாக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, படிவம். சீட்டின் வாசகத்தை எழுதி, பதிப்பு எண், அடியிடம் முதலியவற்றுக்கு மட்டும் வெற்றிடம் விட்டு வைப்பார்கள். கட்டும் நேரத்தில் கருவி அவ்வெற்றிடங்களை நிரப்பும். மாற்றுச் சான்றிதழ் படிவத்தில் அலுவலகத்தார் பெயரும் தேதியும் நிரப்புவது போன்றது இது. நல்ல வழிதான், ஆனால் படிவத்திலேயே எழுதப்பட்ட தேவைகள் பழையனவாகிவிடக் கூடும்.

இரண்டாம் வழி, சீட்டு முழுவதையும் கருவியே எழுதுவது. ஃபின்லாந்தைச் சேர்ந்த யூஸி பக்கானென் உருவாக்கி, 2013-இல் வெளியிட்ட ‘மெசான்’ என்ற கருவியில் இவ்வசதி உண்டு. ‘இதோ நான் கட்டிய நூலகம், இதற்கு ஒரு சீட்டு எழுது’ என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். பெயரையும் பதிப்பையும் அது எங்கிருந்து எடுக்கிறது? பெயரை நூலகத்துக்கு நாம் இட்ட பெயரிலிருந்தும், பதிப்பைக் கட்டுமானக் குறிப்பின் தலைப்பில் நாம் ஒருமுறை எழுதியதிலிருந்தும் எடுக்கிறது. இடத்தை எப்படி அறிகிறது? நூலகத்தை அங்கே வைக்கப் போவதே அதுதானே! தேவைகளை எப்படி அறிகிறது? கட்டுவதற்கு எந்தெந்த நூலகங்களைச் சேர்த்தோம் என்பது அதற்குத் தெரியும். வெளித் தேவை எது, உள் தேவை எது என்று பிரித்தும் எழுதிவிடும்.

முன்னே சொன்ன ஹார்ஃப்பஸ் நூலகமும் இன்று மெசான் கொண்டுதான் கட்டப்படுகிறது. அதன் விளக்கமாக ஒரு சிறு வரியை மனிதர் எழுதித் தருகிறார்கள். அதன் துணை நூலகங்களுக்கும் தனித்தனிச் சீட்டுகள் கட்டும்போதே உண்டாகின்றன. அத்தனை சீட்டுகளிலும் பதிப்பு எண் ஒன்றாகவே இருக்கும். ஏனெனில் எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை.

இதிலிருந்து நாம் அறியும் பாடம் இதுவே: ஓர் உண்மையை ஓரிடத்தில் மட்டுமே எழுத வேண்டும். மற்ற இடங்களில் அது தேவைப்பட்டால், அவ்விடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். இரண்டு இடங்களில் கையால் எழுதினால், என்றாவது ஒருநாள் அவ்விரண்டும் சண்டையிட்டே தீரும்.

6. ஓர் எச்சரிக்கை

கருவி எழுதிவிட்டது என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளலாமா? கூடாது. மூல இடத்தில் பதிப்பு எண்ணைத் தவறாக எழுதினால், கருவி அத்தவற்றையே எல்லாச் சீட்டிலும் நேர்மையாக எழுதி வைக்கும். ஆனால் அப்போதும் ஒரு நன்மை உண்டு. திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்.

ஆகவே நூலகத்தைக் கட்டி நிறுவியபின், புதிதாக வருபவரைப் போல் நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். ‘பதிப்பு என்ன? இணைப்பு வழி யாது?’ என்று பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் வினவ வேண்டும். அது காட்டும் வழியிலேயே ஒரு சிறு நிரலைக் கட்டி, ‘கமலை’யும் ‘கன்று’ம் சரியான வரிசையில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். சீட்டு சொல்வதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. பழைய பதிப்பு தேவையில்லை என்றால் அதை அகற்றிவிடவும் வேண்டும். அன்று நான் செய்யத் தவறியவை இவ்விரண்டுமே.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மகள் கணிப்பொறி முன் நெடுநேரம் உட்கார்ந்து, “என்னால் முடியவில்லை” என்று சோர்ந்தால், அவளுக்கு அறிவு போதவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பிழை அவள் நிரலில் இருக்கலாம். அவள் நம்பிய சீட்டிலும் இருக்கலாம். இரண்டையும் சோதிக்கக் கற்பதே கல்வி.

மாணவியரே, நாளை உங்களுள் சிலர் பலருக்கும் பயன்படும் நிரல் நூலகங்களை எழுதுவீர்கள். பெயர் தெரியாத, முகம் பார்த்திராத ஒருத்தி எங்கோ ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு உங்கள் சீட்டை நம்பித் தன் வேலையைத் தொடங்குவாள். அவளுடைய இரவுகள் உங்கள் கையில் இருக்கின்றன. சீட்டை மறதிக்கு விடாதீர்கள். கட்டும்போதே உண்மையாக எழுதப்படும்படி செய்யுங்கள்.

பயிற்சி

1. நூலுக்கும் நூலைப் பற்றிய விவரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தால் விளக்குக.
2. வெளித் தேவை, உள் தேவை - இவற்றை உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வேறோர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
3. மழை, மறுகால், மடை, கன்று, கமலை, கலுங்கு - இச்சொற்களை நெடுங்கணக்கு முறைப்படி வரிசைப்படுத்துக.
4. உங்கள் வகுப்பில் ஒரே விவரம் இரண்டு இடங்களில் எழுதப்படுவது எங்கே? அதை ஓரிடத்தில் மட்டும் எழுத என்ன செய்யலாம்?
5. பள்ளி நூலகத்தில் பத்து நூல்களைத் தேர்ந்து, அவற்றின் முதுகில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் நூலகப் பொறுப்பில் உள்ள சகோதரியிடம் எழுதிக் கொடுங்கள்.